சூட்டு மீட்டருக்கு நான் சொன்ன பொய்ச் சாட்சி

தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்துக் கோப்பிக்கடையில் இரவல் வாங்கிய அலுமினியச் சட்டி, அடியில் கரி அடுப்பு. சட்டிக்குள் விரல் நீளச் செம்புக் குமிழ் ஒன்றை இறக்கியிருந்தேன். அதிலிருந்து கிளம்பிய மெல்லிய குழாயின் மறுமுனையில் வட்டமாக ஒரு மீட்டர். அதை இடது கையில் ஏந்திக்கொண்டு பட்டறை வாசலில் குந்தியிருந்தேன்.

முள் அசையவில்லை.

நூறு வரைக்கும் எண்ணினேன். ஆவி முகத்தில் அடித்து மூக்குக்கண்ணாடி மங்கியது. துடைத்துவிட்டுப் பார்த்தேன். முள் கீழ்க் கோட்டிலேயே படுத்துக் கிடந்தது. இன்னொரு நூறு எண்ணினேன். அப்போதும் அப்படியே கிடந்தது.

போன வாரம் இந்தப் பக்கத்தில் என் பட்டறைப் பெருமையை அளந்துவிட்டிருந்தேன். மலாக்காவில் பழைய லோரிக்குச் சூட்டு மீட்டர் பொருத்திய முதல் போமன் நானாகத்தான் இருப்பேன் என்றுகூட எழுதிவிட்டேன். (மெக்கானிக்கை அப்போது எல்லாரும் போமன் என்றுதான் கூப்பிடுவார்கள்.) என் மனைவி அதைப் படித்து முடித்து, பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, “மிச்சத்தையும் எழுதுவீங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

அந்த மிச்சம்தான் இது. எழுத வெட்கமாக இருக்கிறது. பெருமையை மட்டும் எழுதிவிட்டு இதை விழுங்கிவிடுவது இன்னும் வெட்கமாக இருக்கிறது.

மூக்கு வேண்டாம்

ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருடங்களுக்கு முன்னால் நடந்தது. என் பட்டறை காஜா பேராங்கில் இருந்தது. தகரக் கூரை, மண் தரை, மழை வந்தால் பாதி வேலை நின்றுவிடும்.

பெண்டஹாரா சாலையில் மொத்த மளிகைக் கடை வைத்திருந்த ராவுத்தருடைய லோரி அது. அவரிடம் வருவதற்கு முன்பே இரண்டு கை மாறியிருந்தது. குருபோங் பக்கத்துத் தோட்டக் கடைகளுக்கு அரிசி, பருப்பு, கருவாடு ஏற்றிப் போகும். நல்ல எஞ்சின்தான், ஆனால் வயதாகிவிட்டது. ஏற்றம் வந்தால் சூடேறிக் கொதித்துவிடும்.

அதை ஓட்டியவர் கோபால். எங்கள் காஜா பேராங்கிலேயே, தலைமுறை தலைமுறையாக மலாக்காவில் வாழ்ந்து மலாயே தாய்மொழியாகிவிட்ட இந்துக்களான சிட்டிகள் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். நெற்றியில் திருநீறு, வாயில் மலாய். சாமி பெயர்களும் இரண்டொரு பண்டிகைப் பெயர்களும் தவிர அவருக்குத் தமிழ் வராது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால், மலாய்க்காரர்கள் அண்ணனைக் கூப்பிடுவது போல நான் அவரை ‘பாங்’ என்பேன். நாங்கள் பேசியதெல்லாம் மலாயில்தான், அதைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

மீட்டர் வரும்வரை அந்த லோரிக்குக் கோபாலின் மூக்குதான் மீட்டர். எஞ்சின் வாடை கொஞ்சம் மாறினாலும் ஓரங்கட்டிவிடுவார். வழியில் எந்த வீட்டில் கிணறு, எந்த வீட்டில் நாய் என்பது அத்தனையும் மனப்பாடம். தகர வாளியோடு இறங்கித் தண்ணீர் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டு கிளம்புவார். குருபோங் போய்வருவதற்குள் மூன்று இடத்தில் நிற்பது வழக்கம்.

ராவுத்தருக்கு அது பொறுக்கவில்லை. “சரக்க ஏத்தி அனுப்புனா இந்த மனுசன் கெணறு கெணறா நின்னு ஊர்க்கதை பேசிட்டு வர்றாரு தம்பி. ஏதாச்சும் வழி பண்ணு” என்றார்.

சிங்கப்பூரிலிருந்து மீட்டரைத் தருவித்தேன். விஷயம் எளிதுதான். எஞ்சினில் தண்ணீர் ஓடும் இடத்தில் குமிழைத் திருகிவிட வேண்டும். குமிழுக்குள் ஈதர் என்ற திரவம் இருக்கும். சூடு ஏற ஏற அது ஆவியாகி, மெல்லிய செம்புக் குழாய் வழியாக அழுத்தி, ஓட்டுகிறவர் முன்னால் இருக்கும் முள்ளைத் தூக்கும். பொருத்தி முடித்ததும் கோபாலைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினேன்.

அவர் முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இது சொன்னாத்தான் நிக்கணுமா, போமன்?”

“ஆமா பாங். இனிமே மூக்கு வேணாம். முள் செவப்புக் கோட்டத் தொட்டா நில்லுங்க. தொடாத வரைக்கும் ஓட்டிக்கிட்டே இருங்க.”

“மூக்கு ஒண்ணு சொல்லி, முள் ஒண்ணு சொன்னா?”

“முள்ளுதான் சரி” என்றேன். எனக்கு அப்போது முப்பது வயது. எல்லாம் தெரிந்த வயது.

மறைத்துக் கட்டிய பழம்

ஆயுத பூசையன்று பட்டறையில் நிற்கிற வண்டி எதையும் பொட்டில்லாமல் நான் விடமாட்டேன். சந்தனம், குங்குமம், மஞ்சள் கயிற்றில் ஒரு எலுமிச்சம்பழம். யாருடைய வண்டி என்று பார்ப்பதில்லை. ஒரு சீன டாக்சிக்காரர் வருடா வருடம் அன்றைக்கென்று பார்த்துத்தான் எண்ணெய் மாற்ற வருவார். அவருக்கு எங்கள் வீட்டுச் சுண்டல் மேல் அப்படி ஒரு ஆசை. குங்குமத்தைத் தன் கையாலேயே வண்டிக்கு வைத்துக்கொண்டு போவார்.

அந்த வருடம் பூசையன்று ராவுத்தரின் லோரி என் பட்டறையில் நின்றது. பிரேக் வேலை, கூடவே எஞ்சினைச் சுத்தம் செய்கிற வேலை. ராவுத்தர் ஐந்து வேளையும் தொழுகிறவர். அவர் வண்டியில் பழம் கட்டலாமா என்று அவரிடமே கேட்டிருக்கலாம், கடை கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. கேட்கக் கூச்சம். கட்டாமல் விட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். இரண்டுக்கும் நடுவில் எனக்கு ஒரு புத்தி தோன்றியது.

மறைவாகக் கட்டிவிட்டேன்.

மீட்டர் பொருத்திய முன்பலகைக்கு அடியில் தலையை நுழைத்துப் பார்த்தேன். கட்டுவதற்கு வாகாக அங்கே இருந்தது அந்தச் செம்புக் குழாய் ஒன்றுதான். மஞ்சள் கயிற்றை அதில் இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சை நன்றாக இறுக்கி, பழத்தைத் தொங்கவிட்டேன். வெளியிலிருந்து தெரிகிறதா என்று ராவுத்தர் உயரத்துக்குக் குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்துக்கொண்டேன். தெரியவில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு சுண்டல் சாப்பிடப் போனேன்.

ஆஸ்பத்திரி வாடை

தீபாவளிக்கு முந்தின வாரம் கோபால் வந்தார். நான் ஒரு காருக்கு அடியில் படுத்திருந்தேன். அவருடைய ரப்பர் செருப்பு மட்டும்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது.

“போமன், முள் சோம்பேறியாயிடுச்சு. மேலயே ஏற மாட்டேங்குது.”

“எஞ்சினச் சுத்தம் பண்ணிக் குடுத்திருக்கேன்ல, பாங். அதான் சூடு ஏறல. சந்தோஷப்படுங்க.”

செருப்பு நகரவில்லை. “இன்னொண்ணு. முந்தாநாள் லோரிக்குள்ள ஒரு வாடை. ஆஸ்பத்திரியில அடிக்குமே, அது மாதிரி. தலைய வலிச்சுது.”

“கருவாடு ஏத்திக்கிட்டுப் போற லோரியில ஆஸ்பத்திரி வாடையா?” என்று சிரித்தேன். காருக்கு அடியிலிருந்து சிரித்தால் அது தகரத்தில் மோதி எதிரொலிக்கும். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுச் செருப்பு போய்விட்டது.

நல்ல மீட்டரும் செத்த மீட்டரும் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஒரே மாதிரிதான் இருக்கும். இரண்டிலும் முள் கீழேதான். பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டால் எது எது என்று தெரிந்துவிடும். ஓட்டுகிறவரே வந்து முள் ஏறவில்லை என்று சொன்னால், முதலில் சந்தேகப்பட வேண்டியது மீட்டரைத்தான். இதெல்லாம் எனக்கு அன்றைக்கும் தெரியும். காருக்கு அடியிலிருந்து எழுந்து வரத்தான் மனமில்லை.

மூன்றாம் நாள் இன்னொரு லோரி கயிறு கட்டி அதை இழுத்து வந்தது. ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் கசிந்து தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது. குருபோங் சாலையில் ஏற்றத்தில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. திறந்து பார்த்தேன். எஞ்சினை மேலிருந்து மூடுகிற ஹெட் நெடுக வெடித்திருந்தது.

கோபால் ஓட்டுநர் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. “சூட்டு வாடை அடிச்சுது போமன். மூக்கு நில்லுன்னுச்சு. முள்ளப் பார்த்தேன், கீழயே இருந்துச்சு. நீ சொன்ன மாதிரி ஓட்டினேன்” என்றார். மறுநாள் காலை ராவுத்தர் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

முடிச்சுக்குக் கீழே

அப்படித்தான் அந்தக் காலையில் கரி அடுப்பு மூட்டினேன். குமிழைக் கழற்ற ஐந்து நிமிடம் ஆனது. முன்பலகைக்கு அடியில் கையை விட்டுக் குழாயை மீட்டரோடு சேர்த்து அப்படியே வெளியே இழுத்தேன். கயிறும் பழமும் கூடவே வந்தன. அவற்றைப் பார்க்காதது போல ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, குமிழைக் கொதிக்கிற தண்ணீரில் விட்டேன். முள் அசையாததைத்தான் ஆரம்பத்திலேயே சொன்னேனே.

பிறகு குழாயைக் குமிழிலிருந்து மீட்டர் வரைக்கும் இரண்டு விரலால் நீவிக்கொண்டே வந்தேன். மஞ்சள் கயிறு வந்த இடத்தில் விரல் நின்றது. பழம் கறுத்துச் சுருங்கியிருந்தது. அதன் சாறு கயிற்றில் ஊறி, செம்பில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. முடிச்சுக்குச் சரியாகக் கீழே மயிரிழை அளவு விரிசல். செம்மண் சாலையில் ஒவ்வொரு குழியிலும் பழம் ஆடி ஆடி, சாறு அரித்த இடத்திலேயே குழாய் விண்டிருக்கிறது. ஈதர் அத்தனையும் அதன் வழியாகப் போயிருக்கிறது. ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுப்பதும் அதே ஈதரால்தான்; கோபாலுக்கு அடித்த வாடை அதுதான்.

பழுதைக் கண்டுபிடித்துவிட்டேன். வேறொருவர் செய்த தப்பாக இருந்திருந்தால் கோப்பிக்கடைக்கே கேட்கும்படி கத்திச் சொல்லியிருப்பேன்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கத்தியால் கயிற்றை அறுத்து, பழத்தோடு சேர்த்து அடுப்பில் போட்டேன். மஞ்சள் கருகும் வாடை வந்தது. பழம் உஸ்ஸென்று சத்தம் போட்டது. சாமிக்குக் கட்டிய பொருளை எரிக்கிறோமே என்ற பயம்கூட எனக்கு வரவில்லை. ராவுத்தர் வருவதற்குள் சாம்பலாக வேண்டுமே என்ற பயம்தான் இருந்தது. அவர் போனால் பெண்டஹாரா சாலையில் இருக்கிற அத்தனை முஸ்லிம் கடைக்காரர்களும் என் பட்டறையை விட்டுப் போய்விடுவார்கள் என்று என் மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

இரண்டு மொழியில்

ராவுத்தர் வந்தார். கோபால் லோரியின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எனக்குத் தண்ணீர் தாகமாக இருந்தது.

“முள் ஏறவே இல்லங்கிறாரே தம்பி. மீட்டர் எப்படி இருக்கு?”

“நல்லாத்தான் இருக்குங்க. கொதிக்கிற தண்ணியில விட்டுப் பார்த்துட்டேன்.”

தண்ணீரில் விட்டுப் பார்த்தது உண்மை. சட்டியிலிருந்து ஆவிகூட இன்னும் வந்துகொண்டிருந்தது. அதனால் மற்றதையும் அவர் நம்பிவிட்டார்.

“அவருக்குப் புரியுற மாதிரி மலாயில சொல்லு” என்றார்.

சொன்னேன். ஒரே பொய்யை இரண்டு மொழியில் சொன்னேன், அடுப்பைப் பார்த்துக்கொண்டு.

கோபால் வாதாடவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார். தொலைத்த பொருளை எங்கே வைத்தோம் என்று யோசிக்கிறவர்கள் அப்படித்தான் நிற்பார்கள். பிறகு மெதுவாக, “அந்த ஆஸ்பத்திரி வாடை...” என்று ஆரம்பித்தார்.

ராவுத்தரின் முகம் மாறியது. ஆஸ்பத்திரி வாடை என்றதும் அவருக்குச் சாராய நெடிதான் நினைவுக்கு வந்திருக்கிறது. “வாடையா? என்ன வாடை? என்ன குடிச்சீங்க?”

கோபால் ஒரு சொட்டுச் சாராயம்கூடத் தொடாதவர். காஜா பேராங்கில் எல்லாருக்கும் தெரியும். அவர் ராவுத்தரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். ‘அது ஈதர்’ என்று இரண்டே சொல் நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு ஸ்பேனரை எடுத்துத் துணியால் துடைக்க ஆரம்பித்தேன். ஏற்கெனவே துடைத்து வைத்திருந்த ஸ்பேனர்.

ராவுத்தர் கையை நீட்டினார். கோபால் லோரிச் சாவியைச் சட்டையில் துடைத்து, இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டு மரியாதையாகக் கொடுத்துவிட்டுப் போனார். ஹெட் மாற்றும்போது மீட்டரையும் சத்தமில்லாமல் மாற்றிவிட்டேன்.

ஒளிந்து நடந்த காலம்

கோபால் மாட்டுவண்டி ஓட்டப் போனார். தெங்கேராப் பக்கமிருந்து தேங்காய் ஏற்றிக்கொண்டு வருவார். மணிச் சத்தம் கேட்டாலே எனக்கு உள்ளே ஏதாவது வேலை வந்துவிடும். ஒரு முறை பாதிக் கோப்பியை அப்படியே வைத்துவிட்டுக் கடையின் பின்வாசல் வழியாக ஓடியிருக்கிறேன். மூன்று வருடம் இப்படி.

பிறகு எனக்குத் தெரிந்த பஸ் முதலாளி ஒருவருக்கு ஓட்டுநர் தேவைப்பட்டது. கோபாலின் பெயரைச் சொன்னேன். ஆள் அனுப்பிக் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றுவிட்டார். இன்னொரு முறை அனுப்பினேன், அப்போதும் மாட்டேன் என்றார். எனக்குக் கோபம்கூட வந்தது. பாவத்தைக் கழுவிக்கொள்ள நான் வழி செய்தால் இந்த மனிதர் இடம் கொடுக்க மாட்டேன் என்கிறாரே! ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானே அவர் வீட்டுக்குக் கிளம்பினேன்.

அங்கே நடந்ததை எழுதுவதற்கு முன்னால் ராவுத்தரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வரிசைப்படி அது மறுநாள் காலை நடந்தது. கடையில் கல்லா முன்னால் நின்றுகொண்டு, பழத்திலிருந்து அடுப்பு வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கணக்குப் புத்தகத்தை மூடி வைத்தார்.

“பழத்தக் கட்டுனது கெடக்கட்டும் தம்பி. கேட்டிருந்தா, ஒம்மனசுக்குத் தோணுறபடி செய்யின்னு சொல்லியிருப்பேன். ஒரு நல்ல மனுசரப் போயி, குடிச்சியான்னு என் வாயால கேக்க வச்சிட்டியே” என்றார். அதற்குப் பிறகு அவர் லோரி என் பட்டறைக்கு வரவில்லை. மற்றக் கடைக்காரர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். அவர் யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கே கோபால் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பன்னீர்

கோபாலின் வீட்டு நிலையில் மாவிலைத் தோரணம் காய்ந்து தொங்கியது. அவர் மனைவி தேவானை, மலாய்ப் பெண்கள் போடுகிற கெபாயாச் சட்டை உடுத்திய ஒல்லியான பெண்மணி, எனக்குக் கோப்பியும் ஒரு தட்டில் பலகாரமும் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரமாக நின்றார்.

“பஸ் வேலய ஏன் பாங் வேணாங்கிறீங்க?” என்றேன்.

“கண்ணு சரியில்ல, போமன்.”

“எப்போலேர்ந்து?”

“அன்னைக்கிலேர்ந்து.” அவர் குரலில் வருத்தம்கூட இல்லை. “முள் கீழ இருக்கிற மாதிரிதான் எனக்குத் தெரிஞ்சுது. நீ கொதிக்கிற தண்ணியில விட்டுப் பார்த்து மீட்டர் நல்லா இருக்குன்னே. அப்போ என் கண்ணுதானே பொய் சொல்லியிருக்கு? இல்லாத வாடைய மூக்கு வேற காட்டியிருக்கு. பஸ்ஸுல நாப்பது பேரு உக்காந்திருப்பாங்க. அவங்கள எப்படி நான் ஏத்திக்கிட்டுப் போறது? மாட்டு வண்டின்னா பரவால்ல. மாட்டுக்குக் கண்ணு இருக்கு.”

தேவானை கதவோரத்திலிருந்து சொன்னார்: “மூணு வருஷமாத் தெனமும் இவரு கண்ணுல பன்னீர் விடறேன். எதிர்க் கடைப் பலகையப் படிக்கச் சொல்றேன். ஒரு எழுத்து விடாமப் படிக்கிறாரு. ஆனா படிச்சது சரின்னு நம்ப மாட்டேங்கிறாரு.”

வேலையை மட்டும்தான் பறித்தோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் மூன்று வருடமாகத் தன் கண்ணையே நம்பாமல் வாழ்ந்திருக்கிறார். எழுந்து ஓடிவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

சொன்னேன். பழம், கயிறு, முடிச்சுக்குக் கீழே விரிசல், ஈதர், அடுப்பு, அவர் பார்த்தபோது நான் துடைத்துக்கொண்டிருந்த ஸ்பேனர். எதையும் விடவில்லை. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

அவர் முன்னால் சாய்ந்து ஒன்றே ஒன்று கேட்டார். “முள் கீழதான் இருந்துச்சா?”

“ஆமா பாங்.”

“நான் பார்த்தது சரிதானா?”

“சரிதான்.”

“அந்த வாடை?”

“அதுவும் நெசம்தான்.”

கோபால் துள்ளி எழுந்தார். “தேவானை, கேட்டியா? மாத்தா சாயா பாயிக்! என் கண்ணு நல்லாத்தான் இருக்கு!” என்று கத்தினார். வாசலுக்கு ஓடி, தெருக்கோடியில் போகிற சைக்கிள்காரரின் சட்டை நிறத்தைச் சொன்னார். கோயில் சுவர்மேல் எத்தனை புறா என்று எண்ணிச் சொன்னார். சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், மறுபடியும் எண்ணினார். திரும்பி வந்து என் கையை இரண்டு கைக்குள்ளும் வைத்து அழுத்தினார்.

“தெரிமா காசே, போமன்” என்றார். எனக்கு நன்றி சொன்னார்.

தேவானை எங்கள் அருகில் வந்தார். என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் வைத்திருந்த கோப்பியையும் பலகாரத் தட்டையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் இன்னும் ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை.